மாயாவியும் ஸ்பைடரும் சந்தித்த நோட்டு

கோடு போடாத 40 பக்க நோட்டு அது. அட்டையில் பச்சை மசியில் ‘மாயாவியா, ஸ்பைடரா?’ என்று பெரிதாக எழுதியிருக்கும். இரண்டு பேரும் நாங்கள் படித்த காமிக்ஸ் நாயகர்கள்; இந்த ஸ்பைடர் வேறு, ஸ்பைடர்மேன் வேறு. எழுதியவன் என் பெரியப்பா மகன். அண்ணனுக்கு அப்போது பதினான்கு வயது, எனக்குப் பத்து. கோவில்பட்டியில் பெரியப்பா வீட்டு மச்சில், முழுப் பரீட்சை லீவில், வெளியே தலைகாட்ட முடியாத வெயில் நேரத்தில் உட்கார்ந்து அந்தக் கதையை வரைந்தோம். அண்ணனுக்கு ஆட்களை வரைய வரும். எனக்குக் கண் மூக்கு வைத்தால் கோணிக்கொள்ளும். அதனால் ஸ்பைடரை அவன் எடுத்துக்கொண்டான், மாயாவி எனக்கு. மாயாவி மறைந்துவிட்டால் தெரிவது ஒரு கை மட்டும்தானே! பக்கம் பக்கமாக நான் வரைந்தது அந்தக் கையைத்தான். கதவுப் பிடியில் கை, டெலிபோன் மேல் கை, ஸ்பைடரின் கழுத்துக்குப் பின்னால் அந்தரத்தில் நீளும் கை. விரல் கணுக்களில் சின்னச் சின்னக் கோடு போட்டால்தான் அது இரும்பு மாதிரித் தெரியும் என்று அண்ணன் சொல்லிக்கொடுத்தான்.

37ஆம் பக்கத்தில் கதை நின்றுபோனது. யார் ஜெயிப்பது என்று எங்களால் முடிவுசெய்ய முடியவில்லை. ஸ்பைடரிடம் வலைத் துப்பாக்கி இருக்கிறது, ஒரே சூட்டில் கட்டிப்போட்டுவிடுவான் என்றான் அண்ணன். கண்ணுக்கே தெரியாத ஆளை எப்படிச் சுடுவது என்று நான் கேட்டேன். “கைதான் தெரியுதுல்லா, கைக்குப் பின்னாலதான ஆளு நிப்பான்” என்றான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசி மூன்று பக்கம் வெறுமையாகவே கிடந்தது.

நாங்கள் செய்ததற்குக் காமிக்ஸ் உலகில் கிராஸ்ஓவர் என்று பெயர் இருப்பது வெகுநாள் கழித்துத்தான் தெரியவந்தது. ஒரு தொடரின் நாயகன் இன்னொரு தொடருக்குள் நுழைவது, இரண்டு பேருடைய உலகமும் சில பக்கங்களுக்கு ஒன்றாகிவிடுவது. சூப்பர்மேனும் ஸ்பைடர்மேனும் 1976இல் ஒரே புத்தகத்தில் சந்தித்தது பெரிய செய்தி. அந்தச் சந்திப்புகளை நானும் விரும்பிப் படித்தேன். ஆனால் என் மனசு ஒட்டிக்கொண்டது வேறு வகையில். எல்லாருக்கும் தெரிந்த ஒரு நாயகன், யாருக்கும் அவ்வளவாகத் தெரியாத இன்னொரு நாயகனின் கதவைத் தட்டுகிற கதைகள். முப்பது வருடமாக அவற்றைத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவர் என்றும் தெரியாதவர் என்றும் நாம் யாரைச் சொல்கிறோம் என்ற கேள்வி அவை ஒவ்வொன்றிலும் எனக்கு எழும். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் நோட்டில் மோதிய இரண்டு பேரையும் எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் அந்த வயதுப் பிள்ளைகளிடம் அவர்களை அறிமுகப்படுத்த வேண்டிய தேவையே இருந்ததில்லை. 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’தான். 1984இல் வந்த லயன் காமிக்ஸ் ஸ்பைடரையும் ரோபோ ஆர்ச்சியையும் வீடு வீடாகக் கொண்டுசேர்த்தது. கூர்மண்டையன் என்றால் ஸ்பைடர், சட்டித்தலையன் என்றால் ஆர்ச்சி. இப்படிப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடும் அளவுக்கு அவர்கள் நம்மோடு பழகியிருந்தார்கள். வாடகை நூல்நிலையத்தில் அட்டை கிழிந்து, மாட்டுத்தாள் ஒட்டி, அதுவும் கிழிந்து போன பிரதிகளைத்தான் நாங்கள் படித்தோம்.

மூன்று பேருமே இங்கிலாந்துக்காரர்கள். ‘வேலியன்ட்’ என்ற வார இதழ் 1962 அக்டோபரில் தொடங்கியபோது அதில் வந்த தொடர் ‘தி ஸ்டீல் க்ளா’. அதுதான் நம் இரும்புக்கை மாயாவி. எழுதியவர் கென் பல்மர், வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. அதன் நாயகன் லூயிஸ் கிராண்டேல் ஆய்வுக்கூட உதவியாளர். விபத்தில் வலது கையை இழந்து உலோகக் கை பொருத்திக்கொண்டவர். இன்னொரு விபத்தில் உடம்பில் மின்சாரம் பாய, அந்தக் கை நீங்கலாக மொத்த ஆளும் மறைந்துபோகிறார். தொடக்கத்தில் அவர் நல்லவர்கூட இல்லை. கிடைத்த சக்தியை வைத்துத் திருட இறங்கிவிடுகிறார். நிழல் படை என்ற ரகசிய அமைப்பின் உளவாளியாவதெல்லாம் பிற்பாடு. பிளாஸ்கோவின் ஓவியத்தை நல்ல அச்சில் பார்த்தவர்களுக்குத் தெரியும். இருட்டை அவர் அப்படி வரைவார். பாதி அறை கறுப்பு, ஜன்னல் வழியே விழும் ஒரு கீற்று வெளிச்சம், அதில் மின்னும் அந்தக் கை. நான் வரைந்த கைகள் எல்லாம் அந்த ஒரு கையின் கோணல் நகல்கள்.

ஸ்பைடர் 1965 ஜூனில் ‘லயன்’ இதழில் வந்தான். ஆமாம், அங்கேயும் அந்த இதழின் பெயர் லயன்தான். டெட் கோவன் உருவாக்க, ரெக் பன் வரைந்தார். கூரான காது, கறுப்பு உடை, குற்றவாளிகளுக்கெல்லாம் நானே ராஜா என்ற இறுமாப்பு. பெல்ஹாம், ஆர்டினி என்று இரண்டு கூட்டாளிகள். இதே டெட் கோவன்தான் 1952இல் லயன் முதல் இதழிலேயே ரோபோ ஆர்ச்சியையும் தொடங்கிவைத்தவர்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஸ்பைடர் கதைகளைக் கோவனிடமிருந்து வாங்கித் தொடர்ந்து எழுதியவர் ஜெர்ரி சீகல். ஜோ ஷூஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்த அதே ஜெர்ரி சீகல். 1938இல் சூப்பர்மேனின் உரிமையை 130 டாலருக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, அப்புறம் அதே உரிமைக்காக வழக்கு, வேலையிழப்பு, வறுமை என்று அலைந்த மனிதர். அறுபதுகளின் பின்பாதியில் அவர் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு பிள்ளைகள் இதழுக்கு வாராவாரம் ஸ்பைடர் எழுதிக்கொண்டிருந்தார். அந்த வார இதழ்களில் எழுத்தாளர், ஓவியர் பெயரை அச்சிடும் வழக்கம் கிடையாது. அதனால் படித்த இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கும் தெரியாது, இருபது வருடம் கழித்து மச்சில் உட்கார்ந்து படித்த எங்களுக்கும் தெரியாது. ஸ்பைடர் கதைகளில் எதிரிகள் ஒருவரை ஒருவர் விஞ்சிக்கொண்டு போவதும், மூன்று பக்கத்துக்கு ஒருமுறை புதிய எந்திரம் ஒன்று முளைப்பதும் ஏன் அப்படி இருந்தன என்று அந்தப் பெயர் தெரிந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. உலகம் முழுக்கத் தெரிந்த நாயகனைப் படைத்த கை, வெளியே தெரியாமல் எங்கள் நாயகனையும் எழுதியிருக்கிறது. படித்த அன்று ராத்திரி வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

2008 வாக்கில் பெங்களூரில் வேலை பார்த்தேன். இங்கிலாந்திலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு இரண்டு மாத வேலையாக ஒருவர் வந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் ஆசையாக அவரிடம் இரும்புக்கை மாயாவியைப் பற்றி ஆரம்பித்தேன். ஸ்டீல் க்ளா, லூயிஸ் கிராண்டேல், வேலியன்ட் என்று ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கேள்விப்பட்டதே இல்லை என்றார். ஸ்பைடரும் தெரியவில்லை, ரோபோ ஆர்ச்சியும் தெரியவில்லை. லயன் 1974இல் வேலியன்டோடு இணைந்து மறைந்தது, வேலியன்ட் 1976இல் நின்றது. அவர் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்குவதற்கு முன்பே கடை சாத்தியாகிவிட்டது. எங்கள் ஊரில் சைக்கிள் கடைப் பையனுக்குக்கூடத் தெரிந்த ஆளை அவனுடைய சொந்த நாட்டுக்காரருக்குத் தெரியவில்லை என்பது எனக்குத் தாங்கவில்லை. ஒரு வாரம் கழித்து அவரே என்னிடம் வந்தார். ஊரில் இருக்கும் அவருடைய அப்பாவிடம் போனில் கேட்டிருக்கிறார். அப்பா சின்ன வயதில் வாராவாரம் வேலியன்ட் வாங்கிப் படித்தவராம். முப்பத்தைந்து வருடம் கழித்து அந்தப் பெயரைக் கேட்டதில் கொஞ்ச நேரம் பேசவே இல்லையாம். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: “இந்தியாவில் இருப்பவருக்கு இது எப்படித் தெரியும்?”

அதே வருடம் பழைய புத்தகக் கடை ஒன்றில் ‘ஆல்பியன்’ கையில் சிக்கியது. அட்டையைப் பார்த்துவிட்டு வைத்திருப்பேன். உள்ளே புரட்டியதில் கூரான காதோடு ஓர் ஆள். நடுக்கடையில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆல்பியன் 2005இல் தொடங்கி ஆறு இதழ்களாக வந்த தொடர். கதைத் திட்டம் ஆலன் மூர். எழுதியவர்கள் அவருடைய மகள் லியா மூரும் மருமகன் ஜான் ரெப்பியனும். ஓவியம் ஷேன் ஓக்லி. வெளியிட்டது, சூப்பர்மேனை வெளியிடும் அமெரிக்க டி.சி நிறுவனத்தின் கிளையான வைல்ட்ஸ்டார்ம். இங்கிலாந்தின் பழைய வார இதழ் நாயகர்கள் அமெரிக்கக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது எப்படி என்பது தனிக்கதை. 1987இல் அந்த இதழ்களின் உரிமை இரண்டாகப் பிரிந்தது. 1970க்குப் பிறகு தோன்றிய பாத்திரங்களில் பெரும்பாலானவை புதிய முதலாளியிடம் போயின. அதற்கு முந்தைய பழையவர்களில் பெரும்பாலானோர் பழைய முதலாளியான ஐ.பி.சி நிறுவனத்திலேயே தங்கிவிட்டார்கள். 2001இல் அந்த ஐ.பி.சியை டைம் வார்னர் குழுமம் வாங்கியது. டி.சியும் அதே குழுமத்தின் வீட்டுப் பிள்ளை. ஆக, சூப்பர்மேனும் இரும்புக்கை மாயாவியும் ஒருவகையில் ஒரே கூரைக்குக் கீழே வந்துவிட்டார்கள். சீகல் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

கதை இதுதான். டேனி என்ற இளைஞனுக்குப் பழைய காமிக்ஸ் என்றால் உயிர். பென்னி என்ற பெண்ணை அவன் சந்திக்கிறான். அந்தக் காமிக்ஸில் வந்ததெல்லாம் கற்பனை இல்லை, அவ்வளவு பேரும் நிஜமாகவே வாழ்ந்தவர்கள் என்று அப்போது தெரியவருகிறது. பிறகு அவர்கள் எல்லாரும் எங்கே போனார்கள்? இங்கிலாந்து அரசாங்கம் அவர்களை ஆபத்தானவர்கள் என்று சொல்லிப் பிடித்து, ஸ்காட்லாந்தில் ஒரு கோட்டைக்குள் வருடக்கணக்காக அடைத்துவைத்திருக்கிறது. மாயாவியும் ஸ்பைடரும் அந்தச் சிறையில்தான்.

இதழ் நின்று, மறுபதிப்பு இல்லாமல், உரிமையாளரின் அலமாரியில் பூட்டிக் கிடந்த பாத்திரங்களை நிஜமான சிறைக்குள் வைத்துக் காட்டிய அந்த யோசனைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் புத்தகமாக ஆல்பியன் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. பந்தியில் இருபது இலை போட்டு நாற்பது பேரை உட்காரவைத்த மாதிரி அவ்வளவு கூட்டம். ஒரு கட்டத்தின் மூலையில் ஒருவர் தலை தெரியும், அடுத்த கட்டத்தில் அவர் இருக்க மாட்டார். அந்தத் தலை யாருடையது என்று தெரிந்தவர்களுக்கு அது பரவசம். தெரியாதவருக்கு, அறியாத வீட்டுக் கல்யாணத்தில் போய் நின்ற மாதிரி இருக்கும். எனக்கு அதில் நாலைந்து பேரைத்தான் தெரியும். மற்றவர்களை அந்தக் கதை எனக்கு அறிமுகப்படுத்தவே இல்லை. இவரை உனக்குத் தெரியும்தானே என்று கேட்டுவிட்டு அது பாட்டுக்குப் போய்விடுகிறது. தெரியாத நாயகர்களை மீட்டெடுக்க வந்த புத்தகம், அவர்களைத் தெரிந்துவைத்திருப்பவர்களிடம் மட்டுமே பேசினால் எப்படி? இத்தனைக்கும் நான் அவர்களைப் படித்து வளர்ந்த பிள்ளைகளில் ஒருவன். மாயாவி வருகிற கட்டங்களை விரலால் தடவிப் பார்த்தவன். அதனால்தான் இதைக் குறையாகச் சொல்கிறேன்.

இந்தக் காரியத்தை எப்படிச் செய்ய வேண்டும் என்று எனக்குக் காட்டியவர் ஸ்டான் சாகாய். கியோட்டோவில் பிறந்து ஹவாய்த் தீவில் வளர்ந்தவர். செர்ஜியோ அரகோனேஸ் வரையும் ‘க்ரூ’ தொடருக்குப் பேச்சு பலூன்களில் எழுத்து எழுதுவது அவர் வேலை. 1984இல், நம் லயன் காமிக்ஸ் தொடங்கிய அதே வருடம், ‘உசாகி யோஜிம்போ’ என்ற தன் தொடரை ஆரம்பித்தார். பதினேழாம் நூற்றாண்டு ஜப்பான். தலைவனைப் போரில் இழந்துவிட்டு ஊர் ஊராக நடக்கும் ஒரு சாமுராய். மியாமோட்டோ முசாஷி என்ற நிஜ வாள்வீரரை மனத்தில் வைத்து மனிதனாகத்தான் முதலில் யோசித்திருக்கிறார். ஒருநாள் விளையாட்டாக ஒரு முயலை வரைந்து, அதன் இரண்டு காதையும் சேர்த்துச் சாமுராய்க் குடுமி மாதிரி மேலே கட்டிவிட்டார். அதைப் பார்த்ததும் இதுதான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த முயல் அப்படியே நிலைத்துவிட்டது. உசாகி என்றால் முயல், யோஜிம்போ என்றால் மெய்க்காப்பாளன். கறுப்பு வெள்ளையில், சிறிய பதிப்பகத்தில், கொஞ்சம் வாசகர்களோடு நடந்துகொண்டிருந்த தொடர்.

அதே 1984இல்தான் கெவின் ஈஸ்ட்மேனும் பீட்டர் லெயர்டும் கடன் வாங்கிச் சுமார் 3,000 பிரதிகள் அடித்து ‘டீனேஜ் மியூட்டன்ட் நிஞ்ஜா டர்ட்டில்ஸ்’ முதல் இதழைக் கொண்டுவந்தார்கள். நியூயார்க் சாக்கடைக்குள் வாழும் நான்கு ஆமைகள். குரு ஸ்ப்ளின்டர் ஓர் எலி. இரண்டு தொடருமே அப்போது சிறுசுகள்தாம். 1986இல் எட்டாவது இதழில் ஆமைகள் ‘செரிபஸ்’ஸைச் சந்தித்தன. கனடாக்காரர் டேவ் சிம் 1977இலிருந்து தானே எழுதி, வரைந்து, பதிப்பித்துவந்த தொடரின் நாயகன் அந்தச் சாம்பல் நிற எறும்புத்தின்னி. சொந்தமாகப் பதிப்பிக்கும் எல்லாருக்கும் டேவ் சிம்தான் அப்போது முன்னோடி. ஆக அந்தச் சந்திப்பில் பெரியவர் செரிபஸ், சிறியவர்கள் ஆமைகள்! 1987 கடைசியில் கார்ட்டூன் தொடர் வந்தது, பொம்மைகள் வந்தன, ஆமைகள் உலகம் முழுக்கப் போய்விட்டன. செரிபஸ் 300 இதழ்கள் ஓடி 2004இல் முடிந்தது. இன்றைக்கு எந்தப் பிள்ளையிடம் கேட்டாலும் ஆமைகளின் நான்கு பெயரையும் சொல்லும். செரிபஸைத் தெரிந்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

உசாகியும் ஆமைகளில் ஒருவனான லியனார்டோவும் முதலில் சந்தித்தது 1987இல், சின்னச் சின்னக் கதைகளில். அப்புறம் 1989இல் ஆமைகளின் பொம்மை வரிசையில் உசாகிக்கும் ஒரு பொம்மை வந்தது. கார்ட்டூனிலும் வந்து போனான். முயலுக்கு ஒரு தனித் தொடர் இருப்பதே தெரியாமல் அந்தப் பொம்மையை வைத்து விளையாடிய பிள்ளைகள் ஏராளம். அவர்களில் பலர் வளர்ந்தபிறகு புத்தகக் கடையில் உசாகியைப் பார்த்துத் திகைத்து எடுத்துப் படித்திருக்கிறார்கள். பெரிய வீட்டுப் பக்கவாசல் வழியாகச் சின்ன வீட்டுக்கு வந்துசேர்ந்த வாசகர்கள் அவர்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 1993இல் வந்த ‘ஷேட்ஸ் ஆஃப் கிரீன்’. ஈஸ்ட்மேனும் லெயர்டும் தங்கள் மிராஜ் பதிப்பகத்திலேயே உசாகிக்கு வண்ணத்தில் புதிய வரிசை தொடங்க இடம் கொடுத்தார்கள். முதல் மூன்று இதழ்களில் இந்தக் கதை. உசாகியின் ஜப்பானில் ககேரா என்று ஓர் எலிக் குரு. ஆபத்து நெருக்கும்போது தன் மந்திரத்தால் வேறொரு காலத்திலிருந்து நான்கு ஆமைகளை வரவழைக்கிறார். ஜப்பானிய மொழியில் ககேரா என்றால் துண்டு, சில்லு. ஆமைகளின் குரு பெயரான ஸ்ப்ளின்டர் என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் சிராய், உடைந்த சில்லு என்றுதான் பொருள். எனக்கு நினைவிருக்கும் வரை, இதைச் சாகாய் எங்கும் நின்று விளக்குவதில்லை. ககேராவைப் பார்த்த கணம் ஆமைகளின் முகம் மாறுவதை மட்டும் வரைந்துவிட்டுக் கதையைத் தொடர்கிறார். ஆமைகளைத் தெரிந்தவருக்கு அந்தப் பெயருக்குள் ஒரு பரிசு இருக்கிறது. தெரியாதவருக்கும் ஒன்றும் குறைவதில்லை. ஒரு வயதான எலி, நான்கு சீடர்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் பாருங்கள். நியூயார்க்கில் ஆமைகள் மனிதர்களுக்குப் பயந்து சாக்கடைக்குள் ஒளிந்து வாழ வேண்டும். வெளியே வந்தால் கோட்டு, தொப்பி, இருட்டு. உசாகியின் உலகத்தில் எல்லாருமே பிராணிகள். காண்டாமிருகம் கூலிக்கு வாள் சுழற்றும், பூனைகள் நிஞ்ஜாக்கள். அங்கே ஆமைகள் பட்டப்பகலில் நடுரோட்டில் நடக்கலாம், யாரும் அலற மாட்டார்கள். அந்த ஒரு மாற்றமே அந்த நான்கு பேரைப் பற்றி அவர்களுடைய சொந்தத் தொடரில் நான் உணராத ஒன்றை உணரவைத்தது. பிரபலமானவரைக் கூட்டிவந்து தன் புத்தகத்தை விற்பது சுலபம். சாகாய் வந்த விருந்தாளிக்கு அவன் சொந்த வீட்டில் கிடைக்காத ஒன்றைத் தன் வீட்டில் கொடுக்கிறார். 2017இல் வந்த ‘நமாசு’விலும் அப்படித்தான். ஜப்பானுக்கு அடியில் படுத்திருக்கும் ராட்சத மீன் புரண்டால் நிலம் நடுங்கும் என்ற பழங்கதை அது. ஆமைகள் மறுபடி உசாகியின் மண்ணுக்கு வந்து, அந்த மண்ணின் கதைக்குள் தோள் கொடுக்கிறார்கள்.

ஆர்ச்சியும், குற்றவாளிகளைச் சுட்டுத்தள்ளும் மார்வெல் நாயகன் பனிஷரும் சந்தித்த 1994 புத்தகத்தைப் பற்றிப் பலரும் சொல்வார்கள். பெயரைக் கேட்டதும் நான் நினைத்தது நம் சட்டித்தலையனைத்தான்! இது ரிவர்டேல் பள்ளிக்கூட ஆர்ச்சி. பாட்டன் லாஷ் எழுதியது. ஆர்ச்சி கூட்டத்தை ஸ்டான் கோல்ட்பர்க் அவருடைய வழக்கமான உருண்டைக் கோட்டில் வரைய, பனிஷரை ஜான் பஸ்ஸெமா அவருடைய கறுத்த நிழல்களோடு வரைந்தார். ஒரே கட்டத்துக்குள் இரண்டு கை, இரண்டு பாணி. இரண்டு பேருமே பிரபலங்கள், அதனால் என் கணக்கில் அது சேராது. ஆனால் ஓவியரின் கோட்டை மாற்றாமல் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம் என்று அண்ணனும் நானும் அதற்கு முன்பே ஒரு நோட்டில் செய்து பார்த்துவிட்டோம்.

ரோம் என்ற விண்வெளி வீரனின் கதை மட்டும் மனசைப் பிசையும். பொம்மைக் கம்பெனி ஒன்றின் பொம்மைக்காக மார்வெல் 1979இல் தொடங்கிய தொடர். பொம்மை விற்கவில்லை, காமிக்ஸ் 1986 வரை ஓடியது. எக்ஸ்மென் போன்ற பெரிய ஆட்களையெல்லாம் ரோம் அந்தக் கதைகளில் சந்தித்தான். உரிமை ஒப்பந்தம் முடிந்ததும் அவனை அச்சிட முடியாமல் போயிற்று. பெரிய நாயகர்களின் பழைய கதைகள் தொகுப்பாக மறுபடி மறுபடி வந்தபோதும், ரோம் தொடரும் அவன் வந்த சந்திப்புகளும் வெளியே நின்றன. 2024இல்தான் ரோமின் தொகுப்பு மறுபடி வந்தது. சின்ன ஆளோடு எடுத்த போட்டோவை வீட்டு ஆல்பத்திலிருந்து பல வருடம் எடுத்துவைத்த மாதிரி.

யார் தெரிந்தவர், யார் தெரியாதவர் என்ற கேள்வியை இத்தாலிக்காரர்கள் இன்னும் சுவாரசியமாக்கிவிட்டார்கள். டெக்ஸ் வில்லரையும் மர்ம மனிதன் மார்ட்டினையும் நமக்குக் கொடுத்த பொனெல்லி நிறுவனம்தான். 1990இல் மார்ட்டினும், பேய் பிசாசு வழக்குகளைத் துப்பறியும் டைலன் டாக்கும் ஒரு கதையில் சேர்ந்தார்கள். மார்ட்டினைப் படைத்த அல்ஃப்ரேடோ காஸ்தெல்லியும் டைலனைப் படைத்த டிசியானோ ஸ்கிளாவியும் கூடி எழுதினார்கள். எங்களுக்கு மார்ட்டின் பழகிய ஆள், டைலன் வெகு பிந்தி வந்தவர். அங்கே அந்த வருடங்களில் டைலன் புயலாக வீசிக்கொண்டிருந்தார். அப்புறம் சமீப வருடங்களில் டைலனும் பேட்மேனும் சந்தித்தார்கள். பொனெல்லியின் ஜாகோரும், மின்னல் வேகத்தில் ஓடும் டி.சி நாயகன் ஃப்ளாஷும் சந்தித்தார்கள். அமெரிக்க வாசகருக்கு ஜாகோர் யாரென்றே தெரியாது. இத்தாலியில் 1961இலிருந்து அப்பாவும் பிள்ளையும் பேரனும் படிக்கிற தொடர். அந்தப் புத்தகத்தை ரோம் நகரத்தில் ஒருவர் எடுத்தால், “நம்ம ஜாகோர் புத்தகத்தில் யாரோ சிவப்புச் சட்டைக்காரன் வந்திருக்கிறானே” என்றுதானே பார்ப்பார்? நான் ஆல்பியனைப் பார்த்ததும் அப்படித்தான். இங்கிலாந்துக்காரர்களுக்கு அது மறந்துபோனவர்களின் சிறை. எனக்கோ, என் பால்யத்தின் ஆகப் பெரிய ஆட்கள் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள்.

2018இல் அந்தப் பழைய உரிமைகளையும் இங்கிலாந்தின் ரெபெல்லியன் நிறுவனம் வாங்கிவிட்டது. 1970க்குப் பிந்தையவர்களை அதற்கு இரண்டு வருடம் முன்பே வாங்கியிருந்தார்கள். 1987இல் பிரிந்த குடும்பம் ஒன்றுசேர்ந்தது. ஸ்டீல் க்ளாவும் ஸ்பைடரும் இப்போது நல்ல தாளில், எழுதியவர் வரைந்தவர் பெயரோடு தொகுப்புகளாக வருகின்றன. ஸ்பைடர் தொகுப்பில் ஜெர்ரி சீகல் என்ற பெயரை அச்சில் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போகையில் ஆல்பியனையும் பையில் எடுத்துப்போனேன். அண்ணன் இப்போது மளிகைக் கடை வைத்திருக்கிறான். காமிக்ஸை விட்டுப் பல வருடம் ஆகிறது. எங்கள் நோட்டு வீடு மாறும்போது போனது, எங்கே போனதென்று இருவருக்கும் தெரியாது. கடை அடைத்துவிட்டு வந்தவன் திண்ணையில் உட்கார்ந்து புத்தகத்தை வாங்கிப் புரட்டினான். ஆங்கிலம் அவனுக்கு அவ்வளவு வராது, படத்தைத்தான் பார்த்தான். ஸ்பைடரைப் பார்த்ததும் விரல் நின்றது.

“ரெண்டு பேரும் இதுல சண்ட போடுதாங்களாடே?”

“இல்லண்ணே. ரெண்டு பேரையும் ஒரே ஜெயில்ல போட்டிருக்காங்க.”

கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டான்: “எந்தப் பயடே போட்டது? இவங்கள எதுக்கு ஜெயில்ல போடணும்?”

நான் முதல் பக்கத்திலிருந்து கதை சொல்ல ஆரம்பித்தேன்.